டிரங்குப் பெட்டியில் இருக்கும் அந்த ஐபிஏ தாள்

வாசகி ஒருவரின் கடிதம்:

அக்காவுக்கு வணக்கம். எங்களுக்கு அறந்தாங்கி பக்கம். என் வீட்டுக்காரர் டெஸ்ட் அடித்து (வேலைத் திறன் தேர்வு முடித்து) சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய் 22 மாதம் ஆகிறது. துவாஸில் டார்மிட்டரி. ஏஜென்ட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் வட்டிக்கு வாங்கிக் கொடுத்தோம். கிளம்பும்போது வந்த ஐபிஏ தாளில், அதாவது வேலை அனுமதிக்கான முதற்கட்ட ஒப்புதல் கடிதத்தில், பேசிக் சம்பளம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று இருக்கிறது. அதை நான் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் பேங்கில் போடுவது 550 கணக்குதான், ஓட்டியும் (ஓவர்டைம்) அதை வைத்தே. பே ஸ்லிப் கிடையாது, ஒரு தாளில் கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள்.

ஆறு வாரத்துக்கு முன் ஷட்டரிங் பலகை சரிந்து இடது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொல்லச் சொல்லி சூப்பர்வைசர் கூடவே போயிருக்கிறார். இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு), அப்புறம் ஸ்டோரில் லைட் டூட்டி. விரல் இன்னும் மடங்கவில்லை. பெர்மிட் முடிய இரண்டு மாதம்தான் இருக்கிறது. புதுப்பிக்க 1,500 வெள்ளி கேட்கிறார்கள், இல்லாவிட்டால் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். பாஸ்போர்ட்டும் கம்பெனியில்தான் இருக்கிறது. கேஸ் போட்டால் இனி சிங்கப்பூர் பக்கமே வர முடியாது என்று ரூமில் சொல்கிறார்களாம். அவர் "ஒன்றும் வேண்டாம், பேசாமல் இரு" என்கிறார். நான் என்ன செய்யட்டும் அக்கா?

அன்புத் தங்கைக்கு,

முதலில் ஒரு வேலை. அந்தப் பெட்டியைத் திறந்து ஐபிஏ தாளை எடுங்கள். ஆங்கிலப் பிரதி, தமிழ்ப் பிரதி இரண்டையும் பக்கம் பக்கமாக, எழுத்து தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். உங்கள் போனிலும் ஒரு பிரதி இருக்கட்டும். அசல் தாளை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், ஏஜென்ட் வந்து கேட்டாலும் சரி. பல ஆண்டுகளாக இந்த மாதிரிக் கடிதங்களைப் படித்துவருகிறேன். கையில் ஐபிஏ இருப்பவர் நிலை வேறு, இல்லாதவர் நிலை வேறு. உங்களிடம் இருக்கிறது.

அந்தத் தாளுக்கு அவ்வளவு மதிப்பு வரக் காரணம் உண்டு. ஒர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, இந்த ஆளுக்கு மாதம் இவ்வளவு சம்பளம் தருகிறேன் என்று முதலாளி சிங்கப்பூர் மனிதவள அமைச்சிடம் எழுதிக் கொடுக்கிறார். அதைத்தான் அமைச்சு ஐபிஏயில் அச்சடித்து, தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் கொடுக்கிறது. அந்தத் தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும். குறைக்க வேண்டுமென்றால் தொழிலாளி முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அமைச்சுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் 800-ஐ 550 ஆக்கியிருந்தால் அது சட்ட மீறல். "எல்லாருக்கும் இதுதான்" என்று சொன்னால், எல்லாருடைய சம்பளத்திலும் கை வைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

எவ்வளவு போயிருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மணி நேரத்துக்கான பேசிக்கைக் கண்டுபிடிக்க மாதச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52-ஐ 44-ஆல் பெருக்கி வரும் 2,288-ஆல் வகுக்க வேண்டும். வாரத்துக்கு 44 மணி நேரம்தான் வழக்கமான வேலை நேரம் என்பதால் வரும் கணக்கு இது. ஓட்டிக்கு அதில் ஒன்றரை மடங்கு. 800 வெள்ளிக்கு ஓட்டி மணிக்கு 6 வெள்ளி 29 காசு. 550 வெள்ளிக்கு 4 வெள்ளி 33 காசு. மாதம் 60 மணி நேரம் ஓட்டி பார்த்திருந்தால் அதில் மட்டும் சுமார் 118 வெள்ளி குறைகிறது. பேசிக்கில் 250. ஆக மாதம் 368 வெள்ளி. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கூப்பிட்டு முழு நாள் வேலை வாங்கியிருந்தால் அதற்கு இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும், அதையும் அவர் தனியாகக் கூட்டிப் பார்க்கட்டும். லெவி (வெளிநாட்டு ஆளை வைத்திருக்க முதலாளி அரசுக்குக் கட்டும் தொகை), இன்சூரன்ஸ், சேவிங் மணி என்று ஏதாவது பிடித்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். லெவியும் மருத்துவக் காப்பீடும் முதலாளியின் செலவு. அவற்றைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்க முடியாது.

என் மனதை உறுத்துவது அந்த 22 மாதம்தான். சம்பளப் பாக்கியை, அது வர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். வேலையை விட்டு நின்றுவிட்டால் கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதம்தான் அவகாசம். ஆகவே முதல் பத்து மாதப் பாக்கி ஏற்கெனவே கெடு தாண்டிவிட்டது. மிச்சமிருக்கும் ஓராண்டுக்கு 4,400 வெள்ளி வரை கேட்கலாம். அவர் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு மாதமும் பழைய பாக்கியில் ஒரு மாதம் கரைந்துகொண்டே போகும். "கான்ட்ராக்ட் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர் இப்படித்தான் இழந்தார்கள்.

ஆனாலும் அவரை முதலில் அனுப்ப வேண்டிய இடம் ஆஸ்பத்திரி.

ஆறு வாரமாக விரல் மடங்கவில்லை என்றால் அது இரண்டு நாள் எம்சியில் சரியாகும் காயம் இல்லை. நரம்பா, எலும்பா என்று யாராவது ஒழுங்காகப் பார்க்க வேண்டும். துவாஸிலிருந்து ஜூரோங் ஈஸ்டில் உள்ள இங் டெங் ஃபோங் அரசு மருத்துவமனைக்குப் போகலாம். அவசரப் பிரிவுக்குப் போகக் கம்பெனியிடம் கடிதம் வாங்க வேண்டியதில்லை. தனியாகப் போகட்டும், அல்லது நம்பிக்கையான ரூம்மேட் ஒருவரோடு போகட்டும். சூப்பர்வைசரோடு வேண்டாம். அங்கே நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும்: எந்தத் தேதி, எந்த சைட், எந்த மாடி, பலகை எப்படிச் சரிந்தது. முதல் டாக்டரிடம் பாத்ரூம் என்று சொன்னதையும், சொல்ல வைத்தது யார் என்பதையும் சேர்த்தே சொல்லட்டும். முதல் குறிப்பில் பொய் இருக்கிறதே என்று பயந்து அதையே பிடித்துக்கொண்டிருந்தால்தான் ஆபத்து. ஆறு வாரத்தில் திருத்திக்கொண்டவரை நம்புவார்கள். ஆறு மாதம் கழித்துத் திருத்தினால் அவ்வளவு எளிதாக நம்ப மாட்டார்கள்.

வேலையிடத்தில் அடிபட்டால் கேட்க வேண்டிய சட்டத்தை அங்கே எல்லாரும் விக்கா என்பார்கள், வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம். இப்போது நடைமுறையில் இருப்பது 2019-இல் இயற்றப்பட்டு 2020 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. இந்தச் சட்டத்தில் தப்பு யார் மீது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வேலை செய்யும்போது அடிபட்டது என்று காட்டினால் போதும். மருத்துவச் செலவு முதலாளியுடையது, அதற்குச் சட்டத்தில் ஓர் உச்சவரம்பு உண்டு. வெளிநோயாளியாக எம்சி கொடுத்தால் முதல் 14 நாளுக்கும், ஆஸ்பத்திரியில் சேர்த்தால் 60 நாள் வரைக்கும் முழுச் சம்பளம், அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, அதிகபட்சம் ஓராண்டு. விரல் நிரந்தரமாக மடங்காமல் போனால் அந்த ஊனத்துக்கு டாக்டர் விழுக்காடு போடுவார். அதையும் வயதையும் சராசரி மாத வருமானத்தையும் வைத்து இழப்பீட்டைக் கணக்கிடுவார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள் தங்கை. அந்தச் சராசரி வருமானம் என்பது விபத்துக்கு முந்தைய 12 மாத வருமானம். சம்பளத்தைக் குறைத்தே காட்டினால் இழப்பீடும் குறையும். அதனால் சம்பளப் பாக்கி வேறு, கை விஷயம் வேறு என்று பிரித்து, ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

விபத்தில் எம்சியோ லைட் டூட்டியோ கொடுத்துவிட்டால், கம்பெனி 10 நாளுக்குள் அதை அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். பாத்ரூம் கதை எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். கம்பெனி சொல்லாவிட்டால் தொழிலாளியே நேராக அமைச்சிடம் சொல்லலாம், விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு. விக்காவுக்கு வக்கீல் தேவையில்லை. யாராவது வந்து கேஸ் எடுத்துத் தருகிறேன், இதில் கையெழுத்துப் போடு என்றால் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். விக்கா வழியை எடுப்பதா, நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போடுவதா என்பதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு அழுதவர்கள் உண்டு.

அடுத்து அந்த 1,500 வெள்ளி. கொடுக்க வேண்டாம், ஒரு காசுகூட வேண்டாம். வேலையில் வைத்துக்கொள்வதற்கோ பெர்மிட்டைப் புதுப்பிப்பதற்கோ தொழிலாளியிடம் முதலாளி பணம் வாங்குவது அங்கே குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, சில சமயம் இரண்டுமே. சூப்பர்வைசர் இதை வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தால் அந்தச் செய்தியை அழித்துவிடக் கூடாது. வாயால் கேட்டிருந்தால் எந்தத் தேதி, எங்கே, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று இன்றே எழுதி வைக்கட்டும்.

பாஸ்போர்ட்டும் அப்படித்தான். அது அவருடைய கையில் இருக்க வேண்டியது. பத்திரத்துக்காக வைத்திருக்கிறோம் என்றாலும், கேட்டால் திருப்பித் தர வேண்டும். ஆனால் அதற்காக இப்போது கம்பெனி வாசலில் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். அமைச்சிடம் புகார் கொடுக்கும்போது இதையும் ஒரு வரியாகச் சொன்னால் போதும்.

சரி, எங்கே போய்ச் சொல்வது? பெண்டிமியர் சாலையில் மனிதவள அமைச்சின் சேவை நிலையம் இருக்கிறது. சம்பளப் பாக்கிக்கு அங்கேயுள்ள டிஏடிஎம் என்ற முத்தரப்பு அமைப்பில் பதிய வேண்டும். முதலில் கம்பெனியையும் அவரையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். ஒத்து வராவிட்டால் வேலை நியமனக் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகும். அங்கே இரண்டு பக்கமும் வக்கீல் வைக்க முடியாது, அதனால் காசு உள்ளவன் பெரிய வக்கீலைக் கூட்டி வந்துவிடுவானோ என்று பயப்பட வேண்டியதில்லை. மொழி தெரியாதே என்றும் தயங்க வேண்டாம். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. தமிழில் சொல்கிறேன் என்று அவர் தைரியமாகக் கேட்கலாம். தனியாகப் போகப் பயமாக இருந்தால் முதலில் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை அழைக்கட்டும். அது சிங்கப்பூரின் தொழிற்சங்கக் காங்கிரசும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து 2009-இல் தொடங்கியது. 6536 2692 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம். டிடபிள்யூசி2, ஹோம் என்ற இரண்டு தொண்டு அமைப்புகளும் பல ஆண்டுகளாக நம்மவர்களுக்காக உழைக்கின்றன. படிவம் நிரப்புவதிலிருந்து கூடவே வருவது வரை உதவுவார்கள், காசு வாங்க மாட்டார்கள்.

கையில் கொண்டுபோக என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஐபிஏ இருக்கிறது. பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்துக்கொள்ளலாம். பே ஸ்லிப் கொடுக்காதது கம்பெனியின் தவறு, 2016 ஏப்ரல் முதல் பே ஸ்லிப் கட்டாயம். வேலை நேரத்துக்குச் சான்றுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். டைம் கார்டு படம், லாரி ஏறும் நேரம் போட்ட வாட்ஸ்அப் குரூப் செய்தி, சைட்டில் எடுத்த படங்கள் எல்லாமே உதவும். தினமும் இரவு உங்களோடு போனில் பேசுவாரே, "இப்பதான் சைட்டிலிருந்து வந்தேன்" என்று செய்தி அனுப்பியிருப்பாரே, அதெல்லாம்கூட நேரத்தோடு பதிவாகியிருக்கும். உங்கள் போனை மாற்றிவிடாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். ஒரு தம்பி, தினசரிக் காலண்டர் தாளின் பின்புறம் வந்த நேரம், போன நேரம் இரண்டையும் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். கம்பெனி காட்டிய பதிவேட்டை விட அந்தத் தாள்கள்தான் உண்மையாக இருந்தன. உங்கள் வீட்டுக்காரரும் இன்றிரவிலிருந்து எழுதத் தொடங்கட்டும்.

இனி அந்தப் பயத்துக்கு வருகிறேன். கேஸ் போட்டால் இனி வரவே முடியாதா? நியாயமான பாக்கியையோ இழப்பீட்டையோ கேட்பது குற்றம் இல்லை. கேட்டார் என்பதற்காக அவரைத் தடை செய்யச் சட்டத்தில் இடமில்லை. பெர்மிட் முடிந்தும் அங்கேயே தங்குவது, அனுமதி இல்லாமல் வெளியில் வேலை பார்ப்பது, பொய்க் கோரிக்கை கொடுப்பது, இவைதான் கதவைச் சாத்தும். புகார் கொடுத்த பிறகு கம்பெனி பெர்மிட்டைக் கேன்சல் செய்தாலும், கோரிக்கை முடியும்வரை அவர் அங்கே தங்க ஸ்பெஷல் பாஸ் கொடுப்பார்கள். அந்தக் காலத்துக்கும் சாப்பாடு, தங்குமிடம் முதலாளியின் பொறுப்பு.

ஆனால் உங்களிடம் மறைக்கக் கூடாது. ஸ்பெஷல் பாஸ் காலம் கஷ்டமான காலம். அமைச்சு தனியாக அனுமதி கொடுத்தால் தவிர வேலை செய்ய முடியாது. கை கேஸ் மாதக்கணக்கில் இழுக்கலாம். அவ்வளவு நாளும் ஊரில் வட்டி ஏறும், பணம் அனுப்பவில்லையே என்று அவர் உடைந்துபோவார். அந்த நேரத்தில் "யாரோ பெயிண்ட் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், இரண்டு நாள் போய் வருகிறேன்" என்று சொன்னால் நீங்கள்தான் தடுக்க வேண்டும். பிடிபட்டால் அதோடு எல்லாம் போய்விடும். லிட்டில் இந்தியாவில் இப்படிக் காத்திருப்பவர்களுக்கு டிடபிள்யூசி2 இலவசச் சாப்பாடு போடுகிறது. அங்கே போனால் வயிறு நிறைவதோடு, இதே நிலையில் இருக்கும் நாலு பேரோடு பேசவும் முடியும். கடன்காரரிடம் முன்கூட்டியே போய் நிலைமையைச் சொல்லித் தவணை கேட்டு வையுங்கள். அது உங்களால் இங்கிருந்தே செய்ய முடிந்த பெரிய உதவி.

திடீரென்று ஒரு நாள் டிக்கெட்டைக் கையில் கொடுத்து வண்டியில் ஏற்றினால் என்ன செய்வது? இதை அவருக்கு நன்றாக மனப்பாடம் ஆகும்வரை சொல்லுங்கள். சாங்கி விமான நிலையத்தில் குடிநுழைவுச் சோதனையில் நிற்கும் அதிகாரியிடம், "எனக்குச் சம்பளம் பாக்கி இருக்கிறது, வேலையில் கை அடிபட்டிருக்கிறது, நான் மனிதவள அமைச்சுக்குப் போக வேண்டும்" என்று சொல்ல வேண்டும். ஆங்கிலம் வராவிட்டால் "சேலரி கிளைம், எம்ஓஎம்" என்ற இரண்டு சொல் போதும், எம்ஓஎம் என்றால் மனிதவள அமைச்சு. விமானம் ஏறிவிட்டால் ஊரிலிருந்து கேஸ் நடத்துவது மிகவும் கடினம். அதனால்தான் அவர் அங்கே இருக்கும்போதே பதிந்துவிட வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வேறு கம்பெனிக்கு மாறுவது பற்றியும் கேட்டிருப்பார்கள் ரூமில். கட்டுமானத் துறையில் பெர்மிட் முடிய 40 நாள் இருக்கும்போது தொடங்கி 21 நாள் இருக்கும்வரை, பழைய கம்பெனியின் சம்மதம் இல்லாமலே புதுக் கம்பெனி அவருக்காக விண்ணப்பிக்கலாம். நிறையப் பேருக்கு இது தெரியாது. தெரிந்தால் 1,500 கொடுக்க மாட்டார்கள். ஆனால் இவருக்குக் கை குணமாக வேண்டும், அதனால் சிகிச்சையை விட்டுவிட்டு அதன் பின்னால் ஓட வேண்டாம். சம்பளக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது என்று அமைச்சு கண்டால், புது முதலாளி தேட அனுமதி தருவதும் உண்டு. புகார் கொடுக்கும்போதே அதைக் கேட்டு வைக்கலாம்.

மூன்றரை லட்சம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விடவும் மனமில்லை. இந்திய அரசிடம் பதிந்த ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். பதியாதவர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதே தவறு. ரசீது இல்லாமல் கையில் கொடுத்த பணத்தைத் திருப்புவது எளிது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பேங்க் வழியாகப் போன தொகை, ஜிபே, ஏஜென்ட்டோடு பேசிய செய்திகள், உடன் வந்த சாட்சி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அதை வைத்து மனுக் கொடுக்கலாம். இது இரண்டாவது வேலை. முதலில் அங்கே நடக்க வேண்டியது நடக்கட்டும்.

அவர் "பேசாமல் இரு" என்கிறாரே, அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடனை நினைத்துச் சொல்கிறார். அவருக்குப் பதிலாக நீங்கள் கேஸ் போட முடியாது, அவர்தான் போட வேண்டும். அதனால் அதட்டாமல், இந்தப் பதிலைப் படம் எடுத்து அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை அவர் நிதானமாக இருக்கும் நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்ல வேண்டாம். இந்த வாரம் ஆஸ்பத்திரி. அங்கே கொடுக்கும் ஒவ்வொரு தாளையும் அன்றைக்கே உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த வாரம் பெண்டிமியர் சாலை.

பெர்மிட் முடியும் சரியான தேதியையும், டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் எனக்கு எழுதுங்கள். அந்த 40 நாள் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று நான் எண்ணிச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா